சென்னை ஜப்பான் ஓட்டலில் தலைக்கு ஐயாயிரம்: போகலாமா?

கேள்வி: நீடாமங்கலம் வாசகர், 13 செப்டம்பர் 2025

மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்குப் பெரிய ஜப்பான் ஓட்டல் ஒன்றில் டேபிள் சொல்லி வைத்திருக்கிறாளாம். தலைக்கு ஐயாயிரம் ஆகும் என்கிறாள். விசாரித்தால் பச்சை மீனும் புளித்த, ஆறின சோறும்தான் என்கிறார்கள். பழைய சோறும் கருவாடும் நம் வீட்டிலேயே இருக்கிறது, அதற்கு எதற்கு ஐயாயிரம்? அதுவும் புரட்டாசியில். வீட்டில் அவர்கள் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், ஏமாறுகிறோமா?

பதில்: 14 செப்டம்பர், இரவு

போகலாம். ஆனால் மீன் சாப்பிடப் போகிறோம் என்று போகாதீர்கள், சோறு சாப்பிடப் போகிறோம் என்று போங்கள். நெல் அரைக்கிறவன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

அக்கா பையன் ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். அவன் அதிகாரிகள் ஊரிலிருந்து வந்தால் அழைத்துப்போகிற இடமாம், நட்சத்திர ஓட்டல் ஒன்றின் மாடியில். உள்ளே ஒரே இருட்டு, பாட்டுச் சத்தம் வேறு. டேபிள் காலியாக இருந்தும் அவன் அதைத் தொடவில்லை. சமையல்காரர் எதிரிலேயே நின்று செய்து தருகிற கவுன்ட்டரில்தான் உட்கார வேண்டும் என்று நின்றான். அது நல்லதாகப் போயிற்று.

அவர் பக்கத்தில் மூடி போட்ட மரத்தொட்டி ஒன்று. அதில்தான் சோறு. வினிகர் கலந்த தண்ணீரில் விரலை நனைத்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, சோற்றை அள்ளுகிறார். தராசு கிடையாது. ஒரு பிடி இருபது கிராம் இருந்தால் அதிகம். நாலு பருக்கை கூடிவிட்டது என்று விரலுக்குத் தெரிந்தால் தொட்டியிலேயே உதறிவிடுகிறார். இடது கையில் மீன் துண்டு, அதன் முதுகில் ஒரு பொட்டு வாசாபி (மூக்கில் ஏறுகிற பச்சைக் கார விழுது), மேலே சோறு, இரண்டு மூன்று அழுத்து, ஒரு திருப்பு. நமக்கு முன்னால் வைத்த பிறகு அந்தப் பிடி ஒரு நூல் அளவு தாழ்ந்து உட்காருகிறது. அவ்வளவு லேசாகப் பிடித்திருக்கிறார், உள்ளே காற்று நிற்கிறது. கையில் எடுத்தால் உதிரவில்லை. வாயில் போட்டால் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது.

நான் பழக்க தோஷத்தில் மீனைத் தனியாக எடுத்துவிட்டுச் சோற்றைப் பிசையப் போனேன். "மாமா, பிரிக்காதீங்க. அப்படியே ஒரே வாயா போடுங்க" என்றான். கையால் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, சுஷியை, அதாவது மீன் வைத்த இந்தச் சோற்றுப் பிடியை, கையால் எடுப்பது ஜப்பானிலும் வழக்கம்தான் என்றான். அதற்குப் பிறகு எனக்கு அந்த இடத்தில் கூச்சமே இல்லை.

"ஆறின சோறு" என்று உங்களிடம் சொன்னவர் சுமாரான இடத்தில் சாப்பிட்டிருப்பார். சுஷிச் சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துவிடும், கடித்தாலே தெரியும். அப்படிக் கொடுத்தால் அந்த ஓட்டலுக்கு மறுபடி போக வேண்டாம், மீன் எந்தச் சீமையிலிருந்து வந்திருந்தாலும் சரி.

14 செப்டம்பர், இன்னும் கொஞ்சம்

பில் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. ஐயாயிரம் என்று மகள் சொன்னது மெனு விலையா, கைக்கு ஆகும் விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் அறை விடுகிற ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜி.எஸ்.டி. 18%. தெருவில் தனியாக இருக்கிற உணவகம் என்றால் 5%. மதுவுக்கு வரிக் கணக்கு தனி. இதற்கு மேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை பில்லில் வந்து நிற்கும். அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே தானாகச் சேர்க்கக்கூடாது என்று விதி போட்டது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது. பிடித்திருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் போன இடத்தில் அதைச் சேர்த்துத்தான் நீட்டினார்கள். அக்கா பையன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான், ஒரு வார்த்தை பேசாமல் வேறு பில் வந்தது.

15 செப்டம்பர்

பழைய சோறு விஷயம். அம்மாப்பேட்டை நண்பர் ஒருவர் "இரண்டும் ஒன்றுதான், நாம் விலை போடத் தெரியாமல் இருந்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறார். இன்றைய சுஷிக்கு அது பொருந்தாது, பழைய சுஷிக்குக் கொஞ்சம் பொருந்தும்.

நம் பழைய சோறு தண்ணீரில் கிடந்து தானே புளிக்கிறது, நுண்ணுயிர் செய்யும் வேலை அது. இன்றைய சுஷிச் சோற்றில் புளிக்கவைக்கிற வேலையே இல்லை. அன்றைக்கு வடித்த சுடுசோற்றில் அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்து ஊற்றி, விசிறிக்கொண்டே புரட்டி எடுப்பதுதான். சில இடங்களில் சோறு லேசாகப் பழுப்பாக இருக்கும். பழைய அரிசி என்று நினைக்க வேண்டாம், சாக்கே மதுவின் சக்கையிலிருந்து எடுத்த சிவப்பு வினிகர் சேர்த்தது.

ஆனால் சுஷியின் ஆதி வடிவம் நிஜமாகவே புளித்த சோறுதான். ஜப்பானில் பிவா ஏரிப் பக்கம் இன்றும் செய்கிறார்கள், பெயர் ஃபுனாஸுஷி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். பழங்காலத்தில் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் தள்ளிவிடுவார்களாம். நமக்குக் கேட்கவே வயிறு எரிகிறது.

கையால் பிடிக்கிற சுஷி அதற்கெல்லாம் வெகுநாள் பின்னால், 1820-கள் வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவோரக் கடையில் வந்தது. ஹனயா யோஹேய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். அவசரமாக நின்றபடி தின்றுவிட்டுப் போகிற பண்டம். அதைத்தான் இப்போது மாடி ஏறிப்போய்ச் சாப்பிடுகிறோம்.

17 செப்டம்பர், புரட்டாசி முதல் நாள்

நீடாமங்கலத்துக்காரரே, உங்கள் வீட்டம்மாவுக்காக எழுதுகிறேன், மகளிடம் காட்டுங்கள். இதுதான் இந்த விஷயத்திலேயே சிக்கலான பகுதி.

ஜப்பான் மெனுவில் "காய்கறி" என்று போட்டிருந்தால் அதில் மீன் இல்லை என்று அர்த்தம் ஆகாது. காரணம் தாஷி என்கிற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும் காய்ந்த மீன் சீவலையும் போட்டு எடுக்கிற தெளிந்த சாறு அது, பாதி சமையல் அதன் மேல்தான் நிற்கிறது. சீவலுக்கான மீன் வரிச்சூரை. வேகவைத்து, புகைபோட்டு, கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்து, இழைப்புளியில் சீவுவது போலச் சீவுவார்கள். மாசிக்கருவாடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதே மீன், ஏறக்குறைய அதே வேலை. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் செய்வது மாசி, ஜப்பானில் செய்வது கட்ஸுஒபுஷி.

ஆக, மிஸோ (சோயாவைப் புளிக்கவைத்த விழுது) சூப் கேட்டால் மீன் சாறு. வறுத்த தோஃபுவை (சோயாப் பன்னீர்) சாற்றில் மிதக்கவிட்டுத் தந்தால் அந்தச் சாறும் மீன். காய்கறித் தெம்புரா (நம் பஜ்ஜி மாதிரி) சரிதான், ஆனால் தொட்டுக்கொள்ளத் தருவதில் தாஷி இருக்கும், உப்பு மட்டும் கேளுங்கள். இனிப்பான தோஃபுப் பைக்குள் சோறு அடைத்து வருமே, அந்தப் பையையும் பல இடங்களில் தாஷியில்தான் வேகவைப்பார்கள். சில தட்டுகளில் மேலே மெல்லிய சீவல் ஆவியில் நெளிந்துகொண்டு வரும். பார்க்க அழகுதான், அதுவும் மீன்.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. கொம்புவும் காய்ந்த ஷிட்டாகே காளானும் மட்டும் போட்டு எடுக்கிற தாஷி ஜப்பானில் காலங்காலமாக உண்டு. அங்கே புத்த மடங்களின் சமையல் முழுக்க அப்படித்தான், மீனும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. புரட்டாசிக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தபின் கேட்டால் நடக்காது. சாறு காலையிலேயே எடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு நாள் முன்னால் போன் செய்து, "மீன் சாறு இல்லாமல், கொம்பு தாஷியில்" என்று சொல்லச் சொல்லுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றுவார்கள்.

தைரியமாகக் கேட்கக்கூடியவை: வெள்ளரிக்காய் சுருட்டிய சுஷி, உப்புத் தூவிய பச்சை சோயா அவரை, மிஸோ தடவிச் சுட்ட கத்தரிக்காய். கத்தரிக்காயில் மட்டும், அந்த மிஸோவைத் தாஷியில் கரைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கத்தரிக்காயை நான் சாப்பிட்டேன். பாதியாகப் பிளந்து, சதையில் கட்டம் கட்டமாகக் கீறி, எண்ணெயில் வாட்டி, மேலே இனிப்பும் உப்புமான மிஸோ பூசிக் கருக விட்டிருந்தார்கள். கரண்டியால் தோண்டினால் வெண்ணெய். அந்த இரவில் மீனைவிட அதுதான் என் நினைவில் நிற்கிறது.

18 செப்டம்பர்

வாசாபி பற்றித் திருவாரூர்த் தம்பி கேட்டது: ஆமாம், பச்சை உருண்டை. துவையல் என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டால் மூக்கு வழியாக உயிர் போகும். பல இடங்களில் வைப்பது வாசாபியே இல்லை, குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை வண்ணமும். நிஜமானது ஒரு தண்டு. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் அப்போதே உரசித் தருவார்கள், கால் மணி நேரத்தில் மணம் இறங்கிவிடும். உயர்ந்த விலை வாங்குகிற இடத்தில் "உரசித் தருவீர்களா" என்று கேட்பதில் தப்பே இல்லை. அக்கா பையன் கேட்கக் கூச்சப்பட்டான், நான் கேட்டேன்.

21 செப்டம்பர்

"ஜப்பான் அரிசி பிசுபிசுவென்று இருக்கும், அது நம் அரிசிக்குச் சம்பந்தமே இல்லாத ஜாதி" என்று வலங்கைமான் நண்பர். பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்த கதை.

ஒட்டுவதற்குக் காரணம் மாவுச்சத்தில் அமைலோஸ் என்கிற பகுதி குறைவாக இருப்பது. கோஷிஹிகாரி என்று 1956-இல் வந்த ரகம் அங்கே பேர்போனது, அதில் அது 16-18% தான். நம் பக்கத்துப் பல ரகங்களில் 20-க்கு மேல், 25-ஐத் தாண்டுவதும் உண்டு. அமைலோஸ் கூடினால் உதிரி, குறைந்தால் ஒட்டல். நாம் உதிரியைத்தான் கொண்டாடுவோம், அதனால்தான் வாங்கிய அரிசியை ஒரு வருஷம் பழையதாக்கிச் சமைப்போம். அவர்கள் புது அறுவடை அரிசி வந்ததும் அதைத் தேடிப்போய் வாங்குவார்கள். புது அரிசி குழைகிறது என்று நம் வீட்டில் திட்டு விழும், அங்கே அதற்குக் கூடுதல் விலை.

இனி சம்பந்தம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது, கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற வழியில். அங்கே 1960-களின் நடுவில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 எங்கள் அப்பா காலத்துக் குறுவையை மாற்றிப்போட்ட நெல். அதன் பெற்றோர் யார் தெரியுமா? ஒன்று கிச்சிலிச் சம்பா வழி வந்த ஜி.இ.பி. 24. இன்னொன்று நோரின் 10 என்கிற ஜப்பான் நெல்.

அது மட்டும் இல்லை. நாம் தினமும் வடிக்கிற பொன்னி மலேசியாவிலிருந்து வந்த மசூரியின் வழி. மசூரியின் ஒரு பக்கம் மயாங் எபோஸ் 80 என்கிற மலேசிய நெல், மறுபக்கம் தைச்சுங் 65. தைச்சுங் 65 தைவான் ஜப்பான் ஆட்சியில் இருந்தபோது ஜப்பானிய ரகங்களைச் சேர்த்து உருவாக்கியது. 1950-களில் ஒடிசாவின் கட்டாக்கில் ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலக்கிற பெரிய வேலை நடந்ததே, அதிலிருந்து கிளம்பியவைதான் ஏ.டி.டி. 27-ம் மசூரியும். வெள்ளைப் பொன்னி என்று 1986-இல் வந்ததும் இதே பரம்பரை. ஆந்திராப் பொன்னி என்று நாம் வாங்குகிற பி.பி.டி. 5204-க்கும் மசூரி ஒரு வழி, ஜி.இ.பி. 24 இன்னொரு வழி.

ஆகவே நீங்கள் சென்னைக்குப் போய் முதல்முறையாக ஜப்பான் அரிசி சாப்பிடப் போகிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். கலப்பாக ஐம்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

22 செப்டம்பர்

மன்னார்குடிப் பெரியவர் ஒருவர் "ஜப்பான் முறை நடவை விட்டுவிட்டீரே" என்கிறார். விடவில்லை ஐயா, ஓட்டலுக்குப் போகிறவரிடம் எவ்வளவுதான் சொல்வது. 1950-களில் அரசாங்கமே முன்நின்று பரப்பியது. கயிறு பிடித்து வரிசை நடவு, மேட்டு நாற்றங்கால், எரு, வரிசைக்கு நடுவே களையெடுக்கும் கருவி. நடவாட்கள் முதலில் கயிறைப் பார்த்துச் சிரித்தார்களாம். எங்கள் தாத்தா ஒரு மா நிலத்தில் மட்டும் நட்டுப் பார்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கண்டுமுதல் (விளைச்சல்) எப்படி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

27 செப்டம்பர்

"நவீன ஜப்பான்" என்று போர்டில் போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று மகள் சார்பில் கேட்டிருக்கிறீர்கள்.

நான் புரிந்துகொண்ட வரையில் இது ஜப்பானுக்கு வெளியே வளர்ந்த ஒரு சமையல். நோபு மட்சுஹிசா என்கிற சமையல்காரர் ஜப்பானில் தொழில் கற்று, பெரு நாட்டுக்குப் போய்க் கடை வைத்தார். அங்கே எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் பச்சை மீனோடு சேர்வதைப் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் 1987-இல் ஒன்று, 1994-இல் நியூயார்க்கில் நோபு என்ற ஓட்டல். அவருடைய மிஸோவில் ஊறவைத்த கருப்பு காட் மீனும், மெல்லிய மீன் துண்டு மேல் பச்சை மிளகாய் வில்லை வைத்த தட்டும் உலகம் முழுக்கப் பரவின. பெயரை மாற்றி எல்லா ஊரிலும் தருகிறார்கள். லண்டனில் 2002-இல் ஆரம்பித்த ஜுமா ஓட்டல் இன்னொரு வழி: நடுவில் கரி அடுப்பு, பகிர்ந்து சாப்பிடுகிற சின்னத் தட்டுகள், பாட்டு, கூட்டம். நம் நாட்டில் மும்பை தாஜில் 2004-இல் மொரிமோட்டோ என்கிற ஜப்பான் சமையல்காரரின் "வாசாபி" உணவகம் வந்தது. சென்னையில் இப்போது பார்க்கிறதெல்லாம் இந்த வழிகளின் பேரப்பிள்ளைகள்.

அதனால் மெனு பெரிதாக இருக்கும், எல்லாமே நன்றாக இருக்காது. மயோனைஸ் வழியும் ரோல்கள், பாலாடைக்கட்டி வைத்த ரோல்கள், தங்கத்தாள் ஒட்டிய ஏதோ ஒன்று, இவற்றைத் தள்ளுங்கள். நாங்கள் வாங்கிய ஒரு ரோலில் சோறு சில்லென்று விறைத்துக் கிடந்தது, அதே கவுன்ட்டரில், அதே இரவில். பிடித்துத் தந்த சுஷியில் அவ்வளவு கவனம், ரோல் எங்கோ உள்ளே மொத்தமாகச் சுற்றி வைத்தது போல.

மிஸோ மீன் பற்றி இரண்டு மனசு. முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை. மீனில் என்ன இனிப்பு என்று ஒதுக்கிவிட்டேன். பிறகு வேறொரு இடத்தில் மறுபடி சாப்பிட்டபோது வெறும் சோறு ஒரு கிண்ணம் தனியாகக் கேட்டு வாங்கி, அதோடு தொட்டுச் சாப்பிட்டேன். அப்போதுதான் அந்த இனிப்புக்கு இடம் இருந்தது. மீனை மட்டும் தனித்தட்டில் வைத்துக் கத்தியால் நறுக்கித் தின்பது வெள்ளைக்காரர் வழக்கமாக இருக்கும். நமக்குச் சோறு வேண்டும். கேட்டால் தருவார்கள், முகத்தைச் சுளிக்க மாட்டார்கள்.

28 செப்டம்பர்

"பச்சை மீனில் புழு" பயம். நியாயமான கேள்வி. கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம், அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறையவைத்து 15 மணி நேரம் வைப்பது நியதி. நல்ல இடங்களில் மீன் உறைந்துதான் வருகிறது. ஆக "இன்று காலை பிடித்தது" என்று பெருமை பேசினால்தான் நான் யோசிப்பேன். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து சூரை வாங்கிவந்து வீட்டில் அறுத்துத் தின்கிறேன் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வேண்டாம் தம்பி, குழம்பு வையுங்கள். ஐஸ் படாமல் வெயிலில் கிடந்த சூரை சமைத்தாலும் ஒவ்வாமை தரும், உதடு தடித்துவிடும்.

சால்மன் சுஷி ஆதிகால ஜப்பான் பண்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் வளர்ப்பு மீனை விற்க ஜப்பானில் ஏறி இறங்கிப் பரப்பியது.

3 அக்டோபர்

சாக்கே என்கிற அரிசி மது பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், நெல் அரைக்கிறவனால் முடியவில்லை.

நாங்கள் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி, புழுங்கல் என்றால் 68 என்று அரசுக் கணக்குக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் எங்கள் தூக்கம் போகும். சாக்கேயில் "தாய்கின்ஜோ" என்று உயர்ந்த வகை. அதற்கு உமி எடுத்த அரிசியை மேலும் தீட்டித் தீட்டிப் பாதிக்கு மேல் தவிடாகத் தள்ளிவிடுவார்கள், மிஞ்சுவது 50 சதவீதமோ அதற்குக் கீழோ. அடுத்த தரத்துக்கு 60 வரை மிஞ்சலாம். மேல்பகுதியில் இருக்கிற புரதமும் கொழுப்பும் மதுவின் மணத்தைக் கெடுக்குமாம், நடுவிலிருக்கும் வெள்ளை மாவுதான் வேண்டும். நடுவில் வெள்ளை விழுந்த அரிசி எங்களிடம் வந்தால் விலையைக் குறைப்போம், அங்கே அதற்காகவே தனி ரகம் வளர்க்கிறார்கள்.

பரிமாறியவர் இதைச் சொன்னபோது, தள்ளிய மாவை என்ன செய்வீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அரிசித் தட்டை, பலகாரம் எல்லாம் செய்ய விற்றுவிடுவார்கள் என்றார். நிம்மதியாக இருந்தது. குடித்தாயா என்று கேட்காதீர்கள், வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

9 அக்டோபர்

சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை. குறுவை அறுப்பு, மேலே மழை, கொள்முதல் நிலையத்தில் 17% ஈரப்பதத்துக்கு மேல் கூடாது என்று அளக்கிறார்கள், நெல் ரோட்டில் காய்கிறது. கருவியைக் குத்துகிறவர் எந்தக் குவியலில் குத்துகிறார் என்பதைப் பொறுத்து ஒருவர் வீட்டில் சிரிப்பு, ஒருவர் வீட்டில் சண்டை. சரி, இதற்கு வேறு இடம் இருக்கிறது.

பாக்கி இருந்த கேள்வி, குச்சி. பழக்கம் இல்லை என்றால் கரண்டி கேளுங்கள். ஆனால் இரண்டு காரியம் மட்டும் செய்ய வேண்டாம். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும்போது செய்வது. ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள், எரித்தபின் எலும்பை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சாவு வீட்டில் இலையை எந்தப் பக்கம் மடிப்போம் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோயா சாஸில் சோற்றுப் பக்கத்தை முக்காமல் மீன் பக்கத்தை லேசாகத் தொடுங்கள். முக்கினால் சோறு கரைந்து கிண்ணத்தில் விழும், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் முகம் வாடும்.

10 அக்டோபர்

நாகூர் நண்பர் இனிப்பு கேட்டார். நோன்பு நேரத்தில் உங்கள் வீட்டில் வைக்கிற கடல்பாசி இருக்கிறதே, அதே சரக்குக்கு ஜப்பானில் "கண்டென்" என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து செய்கிறார்கள். பயறு விழுதும் வெல்லப்பாகும் சேர்த்து வருவது பழைய முறை. நவீன இடங்களில் பச்சைத் தேயிலை ஐஸ்கிரீமைத்தான் நீட்டுவார்கள். கடல்பாசி இருந்தால் அதை வாங்குங்கள், நீடாமங்கலத்து அம்மாவும் சாப்பிடலாம்.

உங்கள் ஊருக்கும் நாகைக்கும் இன்னொன்று. தெம்புராவை ஜப்பானுக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர் என்பார்கள். 1571-இல் நாகசாகி துறைமுகம் அவர்களுக்குத் திறந்தது. அதே நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலும் அதே ஆட்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள், 1658-இல் டச்சுக்காரர் பிடுங்கும் வரை. இங்கே என்ன பலகாரம் விட்டுப்போனார்கள் என்று நாகைக்காரர்கள் சொல்லுங்கள்.

13 அக்டோபர்

நீடாமங்கலத்துக்காரர் போய் வந்து எழுதியிருக்கிறார், படித்தீர்களா? மகள் முன்கூட்டியே போன் செய்ததில் அம்மாவுக்குக் காளான் சாற்றில் சூப் வந்திருக்கிறது. கத்தரிக்காய் இரண்டாவது தட்டும் போயிருக்கிறது. அவருக்கு மட்டும் வயிறு நிறையவில்லை, ரயில் ஏறுமுன் எழும்பூரில் தோசை சாப்பிட்டாராம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எட்டு, பத்துப் பிடி சுஷியில் மொத்தச் சோறு இருநூறு கிராம்கூட வராது. நாம் முதல் சோற்றுக்கு சாம்பார் ஊற்றுகிற அளவே அதைவிட அதிகம். அடுத்த தடவை மதியம் போகச் சொல்லுங்கள். பல இடங்களில் மதியத்துக்கு என்று செட் சாப்பாடு உண்டு, சோறு, சூப், ஊறுகாய் எல்லாம் சேர்த்து, இரவு விலையில் பாதிக்கும் கீழே வரும். கவுன்ட்டரும் காலியாக இருக்கும்.

பச்சை மீனை அவர் சாப்பிட்டாரா என்பதை மட்டும் எழுதவில்லை. புரட்டாசி அவருக்கும்தான் போலிருக்கிறது.

15 அக்டோபர்

வீட்டில் செய்யலாமா என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அம்மா. ஏ.எஸ்.டி. 16 குண்டாக இருக்கிறதே, போதாதா என்கிறார். இட்லிக்கு அது தங்கம், சுஷிக்கு ஒட்டாது. சுஷி அரிசி என்றே சென்னைக் கடைகளில் கிலோப் பாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தண்ணீர் தெளியும் வரை களைந்து, அரை மணி ஊறவைத்து, அரிசி அளவுக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் வைத்து மூடிச் சமையுங்கள். வடிக்கக் கூடாது. இறக்கிப் பத்து நிமிஷம் மூடியே இருக்கட்டும். வினிகர் கலவையைச் சூடு இருக்கும்போதே ஊற்ற வேண்டும், கரண்டியால் மசிக்காமல் வெட்டி வெட்டிப் புரட்ட வேண்டும். நல்ல வினிகர் இல்லாமல் சாதாரண வெள்ளை வினிகர் ஊற்றினால் ஊறுகாய் வாடை வரும். மேலே மீன் வேண்டாம், வெள்ளரிக்காய் வையுங்கள்.

அக்கா பையன் தீபாவளிக்கு ஒரு பாக்கெட் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். மில்லில் தீட்டிப் பார்க்க ஜப்பான் நெல்லாகவே கிடைக்குமா என்று கேட்டேன், சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டான்.